சீனுவின் மந்திரவாதியும் பத்து ஹிட் பாயிண்ட் திருடியும்

அன்புள்ள ஜெயா,

உன் மெயில் வந்தது. மேஸ்திரியைப் பற்றி நீ எழுதியிருந்ததில் பாதியை அம்மாவிடம் படித்துக் காட்ட முடியவில்லை, அவ்வளவு நாகரிகம்! இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை ஒருவழியாக அடங்கியிருக்கிறது. மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம். இப்போது எனக்கு ஒரு பஞ்சாயத்து, அதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

அக்கா மகள் நிலா நம் ஞாயிற்றுக்கிழமை டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். நான் கதை சொல்லி நடத்த, நீங்களெல்லாம் ஆளுக்கொரு வேஷம் எடுத்து டைஸ் உருட்டுவீர்களே, அதில்தான். அதே மேசை, அதே சீனு, அதே மந்திரவாதி. எல்லார் வேஷமும் பலம் ஏறி ஏறி இப்போது ஒன்பதாம் லெவல். நிலாவுக்கும் ஒன்பதிலேயே ஒரு கேரக்டர் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றாள் பெனிட்டா. அந்தப் பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் வேண்டாம் சித்தி. துறைமுகத்தில் ஜேப்படி அடிக்கிற சின்னப் பெண்ணாகத்தான் வருவேன்" என்றுவிட்டாள். சீனுவுக்கு ஏக சந்தோஷம். "அப்படிப் போடு! ஒண்ணாம் லெவலிலிருந்து கஷ்டப்பட்டு ஏறட்டும். நாமெல்லாம் அப்படித்தானே வந்தோம்?" அவன் எப்படி வந்தான் என்று நமக்குத் தெரியாதா? அந்தக் கோப்ளின் குகையில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று கேட்க வாய் வரை வந்தது.

சீனு பேசுகிற பழைய பெருமை 1981 டி அண்ட் டி-யில் செல்லும். அதில் போர்வீரனுக்கு இரண்டாம் லெவலுக்கு 2,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மூன்றாவதற்கு 4,000, பிறகு 8,000 என்று கிட்டத்தட்ட இரட்டிப்பாகவே ஏறும். எட்டாம் லெவல் 1,20,000, ஒன்பதாவது 2,40,000. எட்டாம் லெவல்காரன் ஒன்பதைத் தொடுவதற்குள், அவனோடு சமபங்கு வாங்கிக்கொண்டு நடந்த புதுப்பையன் எட்டுக்கே வந்து நிற்பான். அந்த எக்ஸ்பியிலும் பெரும்பகுதி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த புதையலுக்குத்தான், ஒரு தங்கக் காசுக்கு ஒரு எக்ஸ்பி. சண்டை முழுக்க மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனுக்கும் பங்கு உண்டு. நாம் ஆடுகிற 2014 பதிப்பில் கணக்கே வேறு. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போக 16,000 போதும். அதே 16,000-ஐ வாங்கினால் ஒண்ணாம் லெவல் நிலா ஆறாவதில் நிற்பாள்.

அதுவும் உயிரோடு இருந்தால். இந்தப் பதிப்பில் அடிப்பது பெரிய பிரச்சினை இல்லை. ஒண்ணாம் லெவலில் தேர்ச்சிக்காக டைஸோடு சேர்கிற கூட்டல் 2, ஒன்பதாம் லெவலில் 4, அவ்வளவுதான் வித்தியாசம். அடி வாங்குவதில்தான் இருக்கிறது சங்கடம். நிலாவின் திருடிக்கு ஹிட் பாயிண்ட், அதாவது தாங்குகிற அடி, 10. மலையில் நான் யாரை வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும் (வாயைத் திறக்காதே). அந்த இளம் சிவப்பு டிராகன் நெருப்பை ஊதினால் ஆறு பக்க டைஸ் 16, சராசரி அடி 56. குனிந்து தப்பினாலும் பாதி, அதாவது 28. பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மிச்ச அடி அவளுடைய முழு அளவான பத்தை எட்டினால் அந்த நொடியே சாவு. ஆக, தப்பித்தாலும் செத்தாள்.

இதையெல்லாம் சொன்னாலும் சீனு மசியவில்லை. "பின்னால் நிற்கச் சொல்லு" என்கிறான். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். ரிஃப்ட்ஸ் என்று இன்னொரு ஆட்டம் ஆடினோமே, ஞாபகம் இருக்கிறதா? அவன் 770 எம்டிசி (அந்த ஆட்டத்தில் கனத்த அடி தாங்குகிற அளவு) கிளிட்டர் பாய் என்கிற இயந்திரக் கவசத்துக்குள், நீ கிழிந்த ஜீன்ஸ் போட்ட நாடோடி. ஒரு எம்டிசி என்றால் சாதாரண அடி நூறு. இரண்டையும் ஒரே புத்தகத்தில் அச்சடித்து, எடுத்துக்கொள் என்று கொடுத்தவர்களை என்ன சொல்வது! அன்றைக்கு நீ பின்னால்தான் நின்றாய். ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்து ஒரு தட்டு முறுக்கைத் தீர்த்தாய்.

போன வாரம் நிலாவுக்கும் அதுதான் நடக்கப் பார்த்தது. துறைமுகக் கிடங்கு, பெரிய பூட்டு. அந்தப் பூட்டை அவளுக்காகவே வைத்திருந்தேன். பிள்ளை கம்பியைத் தேடித் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே சீனு, "நான் நாக் மந்திரம் போடுகிறேன்" என்றான். போட்டால் பூட்டு தானே திறந்துகொள்ளும். நிலா டைஸைக் கீழே வைத்துவிட்டு போனைக் கையில் எடுத்தாள். கோபமெல்லாம் இல்லை, சும்மாதான் எடுத்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டிராகன் அவளைக் கொன்றிருந்தால்கூட அழுதுவிட்டு அடுத்த வாரம் வருவாள். அவளால் ஆகிற ஒரே வேலையையும் இன்னொருத்தன் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்துவிட்டால், எதற்காக வர வேண்டும்?

நல்லவேளை, அந்த மந்திரத்தின் கடைசி வரியை சீனு என்றைக்கும் படித்ததில்லை. நாக் போட்டால் 300 அடி தூரத்துக்கு டமார் என்று சத்தம் கேட்கும். காவல்காரர்கள் ஓடிவந்தார்கள். அடுத்த கதவுக்குப் போனபோது சீனுவே, "நிலா, நீ பாரும்மா" என்றான். அவள் கம்பியை எடுக்க, மற்ற எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாம் லெவல் கூட்டம் முழுக்க பத்து ஹிட் பாயிண்ட் பெண்ணுக்குக் காவல்!

அன்றிலிருந்து இதே நினைப்புதான். பலம் முன்னே பின்னே இருப்பதைப் பயப்படாமல் ஒத்துக்கொண்ட ஆட்டங்கள் எப்படிச் சமாளித்தன என்று பழசையெல்லாம் புரட்டினேன். பஃபி டிவி தொடரை வைத்து வந்த ஆட்டத்தில் நாயகிக்கு டிராமா பாயிண்ட் 10, கூட வருகிற சாதாரணத் தோழர்களுக்கு 20. கை பலம் குறைந்தவர்களுக்குக் கதையைத் திருப்புகிற உரிமை அதிகம். ஆர்ஸ் மேஜிகா (1987) இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவன். காவலாள், சமையல்காரன் மாதிரி எடுபிடிகள் எல்லாருக்கும் பொது. ஒரு கதைக்கு ஒன்றிரண்டு மந்திரவாதிகள் மட்டும் கிளம்ப, மற்றவர்கள் மற்ற வேஷங்களை எடுத்துக்கொள்ளலாம். பலசாலி யார் என்பது முறை வைத்து மாறும்.

ஆகவே என் தீர்ப்பு: நிலா கதையில் சின்னப் பெண், தாளில் ஐந்தாம் லெவல். ஹிட் பாயிண்ட் 38. டிராகனின் சராசரி அடி 56 முழுசாக விழுந்தாலும் விழுவாள், அந்த நொடியே சாகமாட்டாள். அவளுக்கு ஓசியில் லெவல் கொடுக்கிறேன் என்று சீனு முறைக்கிறான். அவனிடமே கணக்குப் போடச் சொன்னேன். அவர்கள் பத்தைத் தொடும்போது ஐந்தில் தொடங்கினாலும் அவள் ஆறில்தான் இருப்பாள், ஒண்ணில் தொடங்கினாலும் ஆறுதான். அவன் கேட்கிற கஷ்டத்தால் ஒரு லெவல்கூட வித்தியாசம் வராது. கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு, "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான்.

கூடவே ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு மட்டும் மூன்று புளியங்கொட்டை. ஒன்றைக் கொடுத்தால் டைஸை மறுபடி உருட்டலாம். இல்லையென்றால், "இந்தக் காவல்காரனை எனக்குத் தெரியும், எங்கள் தெருதான்" என்று சொல்லலாம், அது உண்மையாகிவிடும். இதில் எனக்கே கொஞ்சம் உதறல்தான். பிள்ளை கெட்டிக்காரி, துறைமுகம் முழுக்க உறவுக்காரர்களாக்கிவிட்டால் என்ன செய்வது? எத்தனை கொட்டை சரி என்று நீ யோசித்துச் சொல்.

அடுத்த ஞாயிறு ஆர்ஸ் மேஜிகா பாணியில் ஒரு சோதனை. நிலாதான் தலைவி, மற்றவர்கள் அவள் கும்பலின் வாண்டுகள், எல்லாரும் ஒண்ணாம் லெவல். பெனிட்டா அன்றைக்கே மீன் திருடுகிற ஒரு வாலை எழுதி முடித்துவிட்டாள். சீனு, "என் பையனுக்கு ஒரே ஒரு மந்திரம்…" என்று ஆரம்பித்தான். நிலா, "கூடாது மாமா" என்றுவிட்டாள்.

திருட்டுப் பொருள் வாங்குகிற கிழவி வேஷம் காலியாக இருக்கிறது. வீடியோவில் வருகிறாயா? ஆறரைக்கு லிங்க் அனுப்புகிறேன். உன் டைஸ் பை இங்கேதான் இருக்கிறது, உனக்காக நிலா உருட்டுவாள். ஒண்ணு விழுந்தால் பிள்ளையைத் திட்டாதே.

உன்,
தேவி