சீனத் தொழில்கொள்கையும் நகர அரசுகளும்

ஐயா,

சீனாவின் தொழில்கொள்கையைப் பற்றி எழுதுவோர் உயர்தொழில்நுட்ப உற்பத்தியை உள்நாட்டிலேயே வளர்க்க 2015இல் பெய்ஜிங் அறிவித்த ‘மேட் இன் சைனா 2025’ திட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதைப் பெரும்பாலும் களத்தில் நடத்துபவை மாகாண, நகர அரசுகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அன்ஹுய் மாகாணத்தின் ஹெஃபெய் நகர நிர்வாகம், 2008இல் மெட்ரோ ரயில் திட்டத்தைத் தள்ளிப்போட்டு, பிஓஇ நிறுவனத்தின் எல்சிடி திரைத் தொழிற்சாலைக்குப் பணம் ஒதுக்கியது. 2020இல், பணமின்றித் தத்தளித்த மின்கார் நிறுவனமான நியோவில் அந்நகர அரசு சார்ந்த முதலீட்டாளர்கள் 700 கோடி யுவான் போட்டார்கள். மானியமாக அல்ல, பங்குதாரர்களாக. நிறுவனம் நிமிர்ந்ததும் அப்பங்குகளில் ஒரு பகுதியை அதுவே திரும்ப வாங்கிக்கொண்டது. பணம் போட்டவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் லாபத்தில் பங்கும் கிடைக்கிற இந்த முறை, வெறும் மானியத்தைவிட மேலானது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆயினும் வூஹானையும் பார்க்க வேண்டும். அங்கே 2017இல் உள்ளூர் அரசின் ஆதரவோடு தொடங்கிய ஹாங்சின் சிப் நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்த சிப் தயாரிப்பு இயந்திரத்தை விழா எடுத்து வரவேற்றது. சில வாரங்களிலேயே அதை வங்கியில் அடகு வைத்தது. உற்பத்தி தொடங்கவே இல்லை. வெற்றிபெற்ற நகரங்களோடு இத்தகைய நகரங்களைப் பற்றியும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

– வாசகர், திருச்சி