பத்தாவது கிளிக் எந்தக் காருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இறுக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஷாக் அப்சார்பர்களைப் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரை பரவாயில்லை, பக்கத்தில் இருந்த பெட்டிச் செய்திதான் உறுத்துகிறது. ‘நகரத்துக்கு 5, நெடுஞ்சாலைக்கு 10, வேகமாக ஓட்ட 15’ என்று மூன்று கிளிக் எண்களைப் போட்டுவிட்டீர்கள் (இறுக்கத்தை மாற்றும் குமிழைத் திருகும்போது ‘டிக்’ என்று விழும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்). எந்த கார், என்ன ஸ்பிரிங், எண்ணிக்கை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. நான் சஸ்பென்ஷன் வேலை பார்ப்பவன். வெளியில் வாங்கிய ஷாக் செட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, ‘எத்தனை கிளிக் வைக்கலாம் அண்ணே?’ என்பதுதான். இனி உங்கள் பெட்டியைக் கத்தரித்துக் கையிலேயே கொண்டு வருவார்கள்.

முதலில் எண்ணும் திசை. நிறைய செட்டுகளில் குமிழை வலப்பக்கமாக, அது நிற்கிற வரை மெதுவாகத் திருகி, அந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுவோம். அப்படி எண்ணினால் பூஜ்யம்தான் முழு இறுக்கம். எண் ஏற ஏறத் தளர்வு. டெய்ன் நிறுவனத்தின் 16 படி ஷாக்குகள் இந்த வகை. உங்கள் பெட்டியை நம்பி ஒருவர் அதில் 15 வைத்தால், வேகமாக ஓட்ட ஆசைப்பட்டவர் ஏறக்குறைய முழுத் தளர்வில் ஓட்டிக்கொண்டிருப்பார்! (நிற்கிற வரை என்றால் விரலால்தான். கட்டிங் பிளையர் போட்டு இறுக்குகிறவர்களும் உண்டு. உள்ளே வால்வு கெட்டுப்போகும்.)

அந்தக் குமிழ் எதை மாற்றுகிறது என்பதும் செட்டுக்குச் செட்டு வேறு. சக்கரம் மேலே ஏறும்போது ஷாக் கொடுக்கும் தடை கம்ப்ரெஷன். ஸ்பிரிங் திரும்ப விரியும்போது கொடுப்பது ரீபவுண்ட். கோனி ஸ்போர்ட்டிலும் கேடபிள்யூ வேரியன்ட் 2-விலும் திருகினால் ரீபவுண்ட் மட்டும் மாறும். வேரியன்ட் 3-ல் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக்கில் ஒரே குமிழ் இரண்டையும் சேர்த்தே நகர்த்தும். ஒன்றின் எண்ணை இன்னொன்றில் வைத்து என்ன பயன்?

பெட்டியில் ரீபவுண்ட் என்ற பேச்சே இல்லை. என்னிடம் வரும் தொல்லையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அது போதாவிட்டால் உடனே தெரிந்துவிடும்: ஒரு மேட்டைத் தாண்டியதும் கார் ஒருமுறை எழுந்து அடங்காமல் இரண்டு மூன்று தடவை ஆடும். அதிகமாகிவிட்டால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். தொடர்ச்சியாகச் சின்னச் சின்ன மேடுபள்ளம் வரும்போது முதல் ஒன்றிரண்டு ஒழுங்காகப் போகும். அப்புறம் தூக்கி அடிக்கும். மேலே போன சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, கடைசியில், ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். ஓட்டுகிறவரோ ஸ்பிரிங் மெலிந்துவிட்டது என்று நினைத்து இன்னும் நாலு கிளிக் இறுக்குவார்.

நான்கு ஷாக்கும் முழு இறுக்கத்தில் இருந்த ஒரு கார் ‘வளைவில் தட்டுகிறது’ என்று வந்தது. தூசி உறையைத் தூக்கி, ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றிக் கீழே தள்ளிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எவ்வளவு தூரம் அமுங்கியதோ அந்த இடத்தில் டை நின்றுவிடும். பெரிய பள்ளம் எதுவும் இல்லாத சாலையிலேயே அது பம்ப் ஸ்டாப்பை முட்டிக்கொண்டு நின்றது. ரீபவுண்டைத் தளர்த்தி அதே சாலையில் ஓட்டியபோது டை ரப்பருக்குக் கீழே, நல்ல இடைவெளி விட்டு நின்றது. வேறு எதையும் தொடவில்லை.

ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக்கையும் அதே அளவு இறுக்க வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அதுவும் சரியில்லை. ஷாக்கின் தேவை ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும். எடை மாறாமல் ஸ்பிரிங் 40 சதவீதம் கடினமானால் ஷாக்குக்குச் சுமார் 18 சதவீதம் போதும். அதைப் போல, நீண்ட வளைவில் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் வெளியே இழுக்கிறது என்றால், ஷாக் குமிழைத் திருகிப் பயனில்லை. தண்டு அசையும்போது மட்டும்தான் ஷாக் வேலை செய்யும். டயர் காற்று, சக்கர அலைன்மென்ட், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் பக்கம் பாருங்கள்.

அப்படியானால் எங்கே தொடங்குவது என்று வாசகர் கேட்பார், நியாயம்தான். தயாரிப்பாளர் கையேட்டில் ஓர் அடிப்படை அளவு கொடுத்திருப்பார், அதில் வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் குமிழைத் தொடவே வேண்டாம். ஷாக் எண்ணெய் சூடாகும்வரை கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, பழகிய ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போய்ப் பார்த்து, இரண்டு கிளிக் மாற்றுங்கள், இடமும் வலமும் ஒன்றாக. முன்னையும் பின்னையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமலே போய்விடும். வழக்கமாக எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை பேரோடு ஓட்டிப் பாருங்கள். தனியாக ஓட்டிப் பார்த்து வைத்த அளவு, பின்சீட் நிறைந்ததும் பின்பக்கம் ஆட விட்டுவிடும்.

இனி எண்களை வெளியிடுவதென்றால் காரின் எடை, ஸ்பிரிங் அளவு, பூஜ்யம் எது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இன்னொன்று: ‘ஷாக்கை இறுக்கும் முறை’ என்று நீங்கள் போட்டிருக்கும் படத்தில் சி ஸ்பேனரால் திருப்பப்படுவது ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் காலர். அதைத் திருப்பினால் கார் உயரும் அல்லது தாழும், அலைன்மென்ட்டை மறுபடி பார்க்க வேண்டிவரும், ஷாக் இறுகாது. படத்தின் குறிப்பையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் மெக்கானிக் ஒருவர்