தற்சுழற்சிப் பிணைப்பு: சிறு திருத்தம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும், அது அணுக்கருவைச் சுற்றி வரும் சுற்றியக்கத்துக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இப்படிப்பட்ட ஒரு பொருளைத் தமிழில் எடுத்து எழுத முன்வந்ததே பாராட்டுக்குரியது. ஆயினும், எலக்ட்ரான் பூமியைப் போலத் தன் அச்சில் சுழல்கிறது என்றும், இந்தப் பிணைப்பு பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு திருத்தம் என்றும் அதில் கூறப்பட்டிருந்த இரண்டு செய்திகளும் வாசகர் மனத்தில் அப்படியே தங்கிவிடக் கூடாது. நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், இவ்விரண்டையும் முதலில் கேட்டுப் பதியவைத்துக்கொண்ட மாணவர்கள் திண்மப் பொருள்களின் இயற்பியலுக்கு வந்ததும் திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதல் செய்தியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1925-இல் இயற்பியலாளர்கள் ஊலன்பெக், கவுட்ஸ்மிட் இருவரும் தற்சுழற்சிக் கருத்தை முன்வைத்தபோதே அதன் இடர்ப்பாடு தெரிந்துவிட்டது. எலக்ட்ரானின் ஆரம் என்று அன்று கருதப்பட்ட அளவை வைத்துக் கணக்கிட்டால், அதற்குரிய கோண உந்தத்தை (சுழற்சியின் அளவை) பெற அந்த உருண்டையின் விளிம்பு ஒளியைவிடப் பன்மடங்கு வேகமாக ஓட வேண்டியிருந்தது. ஆகவே தற்சுழற்சி என்பது எலக்ட்ரானுக்கு மின்னூட்டத்தைப் போலவே இயல்பாக அமைந்த ஒரு பண்பு. அதனோடு ஒரு சிறு காந்தத் தன்மையும் சேர்ந்தே வருகிறது. தமிழில் 'தற்சுழற்சி' என்ற சொல்லை நாம் விட வேண்டியதில்லை; அது பெயர்தான், சுழலும் பொருளின் படம் அன்று என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இனிப் பிணைப்புக்கு வருவோம். எலக்ட்ரானின் இடத்திலிருந்து பார்த்தால், நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்கருதான் அதைச் சுற்றி வருகிறது. நகரும் மின்னூட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்தில் எலக்ட்ரானின் காந்தம் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஆற்றல் சற்றுக் கூடும் அல்லது குறையும். இவ்வளவோடு நின்றால் விடை அளந்ததைப் போல இரு மடங்காக வரும். வளைந்த பாதையில் செல்லும் எலக்ட்ரானின் பார்வைச் சட்டமே நொடிக்கு நொடி திரும்பிக்கொண்டிருக்கிறது என்று 1926-இல் தாமஸ் காட்டிய பிறகே அந்தப் பாதி கழிந்தது. குவாண்டம் இயற்பியலையும் சார்பியலையும் இணைத்து 1928-இல் வந்த டிராக்கின் சமன்பாட்டிலோ இவை அனைத்தும் தாமாகவே வெளிப்பட்டன.

இதைக் கண்ணால் காண்பதற்குச் சோடியம் விளக்கைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. விளக்கை ஏற்றிய சில நிமிடங்களில் தொடக்கத்தின் இளஞ்சிவப்பு மங்கி மஞ்சள் நிலைபெறும். ஒளியை நிறம் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில், ஒளி நுழையும் கீறல் அகலமாக இருக்கும்வரை தொலைநோக்கியில் தடித்த ஒரே மஞ்சள் கோடுதான் தெரியும். நிறங்கள் இன்னும் விரிந்து தெரியும் இரண்டாம் வரிசை நிறமாலைக்குத் தொலைநோக்கியைத் திருப்பி, அந்தக் கீறலின் திருகை மெல்ல மெல்ல முறுக்கும்போது அந்தக் கோட்டின் நடுவே ஒரு கரிய இழை விழும். பிறகு இரண்டு கோடுகள் தனித்து நிற்கும். ஒன்று 589.0 நானோமீட்டர், மற்றது 589.6. இவற்றுள் முன்னது கூடுதல் ஒளியுடன் இருப்பதையும் கவனிக்க வேண்டும்; அதற்குரிய மேல் ஆற்றல் மட்டத்தில் எலக்ட்ரானுக்கு நான்கு நிலைகள், மற்றதில் இரண்டு. எலக்ட்ரானின் காந்தம் அணுவுக்குள் எப்படித் திரும்பி நிற்கிறது என்ற செய்தி, ஒரு திருகின் முனையில் நம் கண்ணுக்கு எட்டிவிடுகிறது.

பிணைப்பால் இரண்டாகப் பிரிந்த அந்த மேல் மட்டங்களின் ஆற்றல் வேறுபாடு, அதாவது பிளவு, சோடியத்தில் 0.0021 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) மட்டுமே. இங்கேயே நின்றுவிடுவதால்தான் 'சிறு திருத்தம்' என்ற எண்ணம் வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சீசியத்தில் அந்த இரண்டு கோடுகளும் 852, 894 நானோமீட்டர்களில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கின்றன. ஆற்றலில் பார்த்தால் பிளவு சோடியத்தைவிட முப்பது மடங்குக்கும் மேல். தாலியத்தில் அது ஏறத்தாழ ஒரு எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவின் மின்னூட்டம் கூடக்கூட அதன் அருகே மின்புலம் செங்குத்தாக ஏறுகிறது, அங்கே நுழையும் எலக்ட்ரானின் வேகமும் கூடுகிறது. வெளிக்கூட்டு எலக்ட்ரான் தன் காலத்தில் மிகச் சிறு பகுதியையே அங்குக் கழித்தாலும், பிணைப்பின் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது.

இதை மனத்தில் இருத்திக்கொண்டால் திண்மப் பொருளும் புரியும். படிகத்துக்குள் எலக்ட்ரான் மெதுவாகத்தானே நகர்கிறது, பிறகு எப்படி இவ்வளவு பெரிய விளைவு என்று மாணவர்கள் கேட்பார்கள். மிக நியாயமான கேள்வி. படிகத்தின் வழியே போகும் எலக்ட்ரான் ஒவ்வோர் அணுக்கருவின் அருகிலும் அந்த அணுவுக்குரிய பிணைப்பை ஏற்றே செல்கிறது. அதனால்தான் இணைதிறன் பட்டையின் (அணுக்களைப் பிணைக்கும் எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றல் நிலைகளின் தொகுதி) உச்சியில் தோன்றும் பிளவு சிலிக்கானில் 0.044 எலக்ட்ரான் வோல்ட்டாகவும், காலியம் ஆர்சனைடில் 0.34 ஆகவும் இருக்கிறது. படிகம் தலைகீழ்ச் சமச்சீர் (ஒரு மையப்புள்ளி வழியே எல்லா அணுக்களையும் எதிர்ப்புறம் மாற்றினாலும் அமைப்பு மாறாத தன்மை) இல்லாததாக இருந்தால், ஒரே திசையில் ஒரே உந்தத்துடன் செல்லும் இரு தற்சுழற்சி நிலை எலக்ட்ரான்களுக்கும் ஆற்றலே வேறாகிவிடும் என்பதை இயற்பியலாளர் டிரெசல்ஹாஸ் 1955-இல் காட்டினார். பரப்பிலும் இதே நிலைதான்: தங்கத்தின் பரப்பில் இப்பிளவு 1996-இல் நேரடியாக அளக்கப்பட்டது. பரப்பின் மின்புலத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அந்த அளவு வரவே வராது.

கட்டுரையில் இடம் பெற்றிருக்க வேண்டிய வரலாறு ஒன்றும் உண்டு. உள்ளே மின்காப்பானாகவும் விளிம்பில் கடத்தியாகவும் நடந்துகொள்ளும் பொருள் இந்தப் பிணைப்பால் உருவாகலாம் என்று இயற்பியலாளர்கள் கேன், மெலே இருவரும் 2005-இல் கிராஃபீனை முன்வைத்து எழுதினர். கிராஃபீன் கார்பன் அணுக்களால் ஆனது, கார்பன் இலேசானது, அங்கே பட்டைகளுக்கு நடுவே உண்டாகும் ஆற்றல் இடைவெளி ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கனமான பாதரசம் கொண்ட பாதரசத் தெலுரைடின் மென்படலத்தில்தான் 2007-இல் அத்தகைய விளிம்புக் கடத்தல் முதலில் காணப்பட்டது. பிஸ்மத் செலினைடிலோ ஆற்றல் இடைவெளி சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட். பிணைப்பை நீக்கிக் கணக்கிட்டால் அது சாதாரண மின்காப்பானாகவே நின்றுவிடும், பிணைப்பைச் சேர்த்ததும் பட்டைகள் இடம் மாறிப் பரப்பில் கடத்தும் நிலைகள் தோன்றுகின்றன.

இப்பொருளைப் பற்றி அடுத்து எழுதுபவர், சோடியத்தின் அளவையும் பிஸ்மத் செலினைடின் அளவையும் ஒரே பத்தியில் அருகருகே தர வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்