12 வோல்ட் எப்படி 18 ஆனது?

அன்புள்ள நண்பா,

நலம், உன் நலம் அறிய ஆவல். பேத்தி பிளஸ் டூவில் இயற்பியலை விரும்பிப் படிக்கிறாள் என்பதையும், அவளைச் சாக்கிட்டு நீ மறுபடியும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்திருக்கிறாய் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. 12 வோல்ட் மின்மாற்றியில் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் நான்கு டையோடுகளையும் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் ஒரு மின்தேக்கியையும் இணைத்தால் மீட்டர் ஏன் 18 வோல்ட் காட்டுகிறது என்றும், மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலையாக நிறுத்தும் 7812 ரெகுலேட்டர் போட்ட பிறகும் பஜனை மடத்து ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் ஏன் ஹம் என்னும் உறுமல் வருகிறது என்றும் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

மாறுமின்னோட்டத்துக்கு நாம் சொல்லும் வோல்ட் அளவு அதன் உச்ச அளவன்று. அதே வெப்பத்தைத் தரக்கூடிய, ஒரே திசையில் நிலையாக இருக்கும் மின்னழுத்தம் எவ்வளவோ அதைத்தான் சொல்கிறோம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒவ்வோர் அலையிலும் 325 வரை ஏறி இறங்குகிறது. உன் 12 வோல்ட் 17 வரை ஏறுகிறது. மின்தேக்கி அந்த உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மீட்டர் உச்சத்தையொட்டிய அளவைத்தான் காட்டும். மேலும், மின்மாற்றியின் மேல் அச்சிட்டிருக்கும் 12 என்பது முழுச் சுமையில் கிடைப்பது. சுமையில்லாதபோது சிறிய மின்மாற்றிகள் 13 அல்லது 13.5 கூடத் தரும். அதன் உச்சம் 19; இரண்டு டையோடுகளில் விழுவது போக மீதி 18. ஆகவே உன் மீட்டரில் குறையில்லை. ஆனால் 16 வோல்ட் வரைதான் தாங்கும் என்று போட்ட மின்தேக்கியை நீ அங்கே வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடு.

பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒற்றை டையோடிலிருந்தே தொடங்கு. மின்னோட்டத்தை ஒரு திசையில் விட்டு மறுதிசையில் தடுப்பதால் அலையின் ஒரு பாதி மட்டும் வெளியே வரும்; மறுபாதி நேரம், அதாவது 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிவிநாடி, ஒன்றும் வராது. இந்த அரை அலைத் திருத்தி சில்லறை வேலைகளுக்குப் போதும். ஆனால் மின்மாற்றியின் துணைச்சுருளில் எப்போதும் ஒரே திசையில் மின்னோட்டம் போவதால் இரும்பு உள்ளகத்தின் காந்தமும் ஒருபக்கமாகச் சாய்ந்து, மின்மாற்றி வீணாகச் சூடேறும். இரண்டு பாதிகளையும் பயன்படுத்த வேண்டுமென்றால் துணைச்சுருளின் நடுவிலும் ஒரு முனை உள்ள 12-0-12 மின்மாற்றியோடு இரண்டு டையோடுகள், அல்லது சாதாரண 12 வோல்ட் மின்மாற்றியோடு நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ் வேண்டும். நம் காலத்து வால்வு ரேடியோக்களில் நடுமுனை மின்மாற்றியையே விரும்பினார்கள். ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் எலக்ட்ரான்களை வாங்கும் இரண்டு பிளேட்டும் அவற்றை உமிழும் பொதுவான ஒரு கேத்தோடும் அடங்கி இரண்டு டையோடுகளாகிவிடும், பிரிட்ஜ் அமைக்க மேலும் வால்வுகள் தேவைப்படும். சிலிக்கான் டையோடு மலிவான பிறகு கணக்கு மாறியது. நடுமுனைச் சுருளுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும் செம்புக் கம்பியை மிச்சப்படுத்த இன்னும் இரண்டு டையோடுகளைச் சேர்ப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பிரிட்ஜ் அமைப்பு வால்வுக்கும் மூத்தது என்பதை அவளுக்குச் சொல். ஜெர்மன் இயற்பியலாளர் லியோ கிரேட்ஸ் அதை 1897இல் வெளியிட்டார், அவருக்கு முன்பே போலந்துக்காரரான கரோல் பொல்லாக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆங்கிலேயரான ஃபிளெமிங்கின் முதல் வால்வு வந்தது 1904இல்தான்.

இனி ஹம்முக்கு வருவோம். டையோடுகள் தருவது ஒரே திசையில் போகும் மின்னோட்டமே தவிர, நிலையான மின்னோட்டமன்று. ஒவ்வோர் உச்சத்துக்கும் இடையில் அது சுழிக்கு இறங்கும். அந்த இடைவெளியில் சுமையைத் தாங்குவது மின்தேக்கி. அப்போது அதன் மின்னழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, மின்தேக்குத்திறனால் வகுக்க வேண்டும். நீ போட்டிருப்பது 1000 மைக்ரோஃபாரட். பாட்டு மெதுவாக இருக்கும்போது ஆம்ப்ளிஃபயர் 100 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் அடுத்த உச்சம் வரும்வரையான 10 மில்லிவிநாடியில் 1 வோல்ட் இறங்கும்; யாருக்கும் தெரியாது. சத்தத்தைக் கூட்டி அரை ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் இறங்கும். சுமையில் உச்சமே 15.5 என்னும் அளவுக்குத் தணிந்திருக்கும். அதிலிருந்து 5 போனால் பள்ளத்தில் இருப்பது 10.5. 7812 ஒழுங்காக 12 வோல்ட் தர வேண்டுமென்றால் அதற்குள் குறைந்தது 14, 14.5 வோல்ட் நுழைய வேண்டும். விநாடிக்கு 100 முறை அது கிடைக்காமல் போகிறது. ஸ்பீக்கர் அதைத்தான் உறுமலாகச் சொல்கிறது. ரெகுலேட்டரைக் குறைசொல்லி மாற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மின்தேக்கியைப் பெரிதாக்கினால் போதுமே என்று நீ கேட்பாய். 4700 போட்டால் இறக்கம் 1 வோல்ட்டாகக் குறையும், உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. மின்தேக்கியில் இருப்பதைவிட அலையின் மின்னழுத்தம் உயரும் நேரத்தில் மட்டுமே டையோடு கடத்தும். 10 மில்லிவிநாடியில் அது ஒன்றிரண்டு மில்லிவிநாடிதான். பஞ்சாயத்துத் தண்ணீர் சற்று நேரமே வரும் தெருவில் நாள் முழுவதற்குமான தண்ணீரை அதற்குள் பிடித்தாக வேண்டியிருப்பதைப் போல, 10 மில்லிவிநாடிக்குச் செலவாகும் மின்னூட்டம் முழுவதும் அந்தச் சிறு நேரத்துக்குள் நுழைய வேண்டும். எனவே சராசரி அரை ஆம்பியராக இருந்தாலும் டையோடிலும் சுருளிலும் பாயும் உச்ச மின்னோட்டம் அதைப்போலப் பல மடங்கு. 1 ஆம்பியர் மின்மாற்றியிலிருந்து பிரிட்ஜும் மின்தேக்கியும் வழியாக 0.6 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். இன்னொரு வேடிக்கை: ஊரில் பல மின்கருவிகளின் உள்ளேயும் இதே போன்ற திருத்திகள் உச்சத்தில் மட்டுமே இழுப்பதால், வீட்டுக்கு வரும் அலையின் உச்சியே சற்றுத் தட்டையாகிப்போகிறது. அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப் கிடைத்தால் பேத்திக்குக் காட்டு, ஆனால் மின்மாற்றிக்குப் பின்னால் மட்டும். நேரே பிளக் பாயிண்டில் வைத்துவிடாதே.

உங்கள் ஊரில் சாயங்காலம் 200 வோல்ட்தான் வருகிறது என்று நீ முன்பு எழுதியிருந்தாய். அப்படியானால் 12 வோல்ட் மின்மாற்றி 10.4 தான் தரும், உச்சத்திலேயே 13.2 வோல்ட்டுக்கு மேல் கிடைக்காதபோது எவ்வளவு பெரிய மின்தேக்கி வைத்தும் பயனில்லை. ஆகவே என் யோசனை, 15 வோல்ட், 1 ஆம்பியர் மின்மாற்றி ஒன்று வாங்கி, அதோடு 35 வோல்ட் என்று போட்ட 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வை. மின்னழுத்தம் கூடுவதால் 7812 சூடாகும். அலுமினியத் தகடு பெரிதாக இருக்கட்டும். டையோடுகளுக்கு உன்னிடம் இருக்கும் 4007 தாராளம்; அது 1000 வோல்ட் எதிர்மின்னழுத்தத்தைத் தாங்கக்கூடியது, உனக்கு வேண்டியது 50 கூட இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஹம்மைக் காது கொடுத்துக் கேள். பிரிட்ஜ் நான்கும் நன்றாக இருந்தால் உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும். ஒரு டையோடு திறந்துபோயிருந்தால் அது அரை அலையாகி, ஒரு ஸ்தாயி இறங்கி 50 ஹெர்ட்ஸில் கனமாக ஒலிக்கும், இறக்கமும் இரண்டு மடங்காகும். சுருதிப் பெட்டியோடு நாற்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை.

சத்தத்தை முழுதாக வைத்து, மின்தேக்கியின் இரு முனைகளில் டிசி வோல்ட் எவ்வளவு, ஏசி வோல்ட் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து எழுது. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்