முதுகலைத் திட்டப்பணியில் தாவும் மரபணுக்கூறுகள்: நெல்லைச் சீமை வழிகாட்டி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் விலங்கியல், உயிரித்தொழில்நுட்பத் திட்டப்பணிகளுக்கு வழிகாட்டும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எல்-1 என்பது தன்னை நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் தாவும் மரபணுக்கூறு. உடல் செல்லில் (இனப்பெருக்கச் செல் அல்லாத செல்லில்) அது புதிதாகத் தாவியதா என்ற கேள்வியை, பிசிஆர் முறையில் பெருக்கிய டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஒரு ஜெல்லை மட்டும் நம்பி மாணவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

மனித மரபணுத்தொகுதியில் எல்-1 பிரதிகள் ஏறத்தாழ 5 லட்சம். பெரும்பாலானவை முன்பகுதி அறுபட்ட துண்டுகள். சுமார் 6,000 கார (டிஎன்ஏ எழுத்து) நீளம் முழுதாக இருந்து இன்னும் தாவக்கூடியவை ஒருவருக்கு 80 முதல் 100தான். எல்-1க்குள் ஒட்டும் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) எங்கெங்கோ ஒட்டும். ஜெல்லில் அந்த மாதிரி ஓடும் தடம், அதாவது லேன், முழுதும் இழுவலாகத் தெரியும். போதாததற்கு, 10 நானோகிராம் டிஎன்ஏ என்பது சுமார் 1,500 செல்களின் சரக்கு. அதில் ஒரே செல்லில் நடந்த தாவலைச் சாதாரண பிசிஆர் பிடிக்காது.

ஒற்றைச் செல்லை எடுத்தாலும் சிக்கல் தீராது. அதிலுள்ள 6 பிகோகிராம் டிஎன்ஏவைப் பெருக்கும்போது தொடர்பில்லாத துண்டுகள் ஒட்டிக்கொண்டு போலித் தாவலாகும். மூளையின் ஹிப்போகேம்பஸ் நரம்புச் செல் ஒன்றுக்குச் சராசரியாக 13.7 தாவல்கள் என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே தரவை 2016இல் மறுபடி அலசியவர்களுக்குக் கிடைத்தது 0.2 அளவே. உண்மைத் தாவலுக்கு அடையாளம் உண்டு: வெட்டிய இடத்தில் டிடிடிடி-ஏஏ வரிசை, வாலில் ஏ-க்களின் தொடர், இருபுறமும் 7 முதல் 20 காரம்வரை இரட்டித்த வரிசை. இவை இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

நம் ஆய்வகங்களுக்கு ஏற்றது 16ஆம் குரோமோசோமின் பிவி92 இடம். அங்கே சிலருக்கு அலு என்ற, 300 கார நீளமுள்ள இன்னொரு தாவும் கூறு இருக்கும், சிலருக்கு இராது. உப்புநீரால் 30 விநாடி வாய் கொப்பளிக்கச் சொல்லி, செல்களைச் சுழற்றிப் படியவைத்து, செலெக்ஸில் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகளில்) 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். செலெக்ஸ் மணி பிசிஆர் குழாய்க்குள் போனால் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதி வேலை செய்யாது. டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் மட்டும் வைத்த லேன் கட்டாயம். செய்பவரின் டிஎன்ஏவே கலந்துவிடலாம். குட்டைத் துண்டு எளிதில் பெருகுவதால், அலு உள்ள பிரதியும் இல்லாத பிரதியும் சேர்ந்திருப்பவரிடம் அலு உள்ள நீளப் பட்டை மங்கும். அதை ‘அலு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்! இது பரம்பரையாக வந்த அலு, உடல் செல்லில் தாவியது அல்ல என்பதும் அறிக்கையில் இருக்கட்டும்.

உடல் செல் தாவலையே தேடுவோர் 1992இல் வெளியான பெருங்குடல் புற்றுநோய் ஆய்வைப் படிக்கட்டும்: ஏபிசி மரபணுவில் எல்-1 கட்டியில் இருந்தது, அதே நோயாளியின் இயல்பான திசுவில் இல்லை. தலைப்புக்கு ஒப்புதல் தரும் நாளிலேயே, ஒரே ஆளின் இரண்டாவது திசு எங்கே, செருகிய கூறு பழைய டிஎன்ஏவோடு சேரும் இரு சந்திகளின் வரிசையையும் படிக்கப் பணம் எங்கே, அறநெறிக் குழு அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மூலக்கூறு மரபியல் ஆய்வகப் பணியாளர்கள்