ஆராய்ச்சி மாணவர் எந்த அறைக் கதவைத் தட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

முனைவர் பட்டச் சேர்க்கை அறிவிப்புகளில் கட்டணம், காலியிடம், கடைசித் தேதி எல்லாம் வரி விடாமல் இருக்கும். சேர்ந்த பிறகு உதவித்தொகை நின்றுபோனால் யாரிடம் கேட்பது, ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் ஓய்வுபெற்றால் என்ன ஆகும், ஆய்வேட்டை எந்த எழுத்துருவில் அடிப்பது என்பது எதிலும் இருக்காது. சென்னையில் ஆராய்ச்சி மாணவருக்கான உதவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை ஏழெட்டு மேசைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மேசையில் இருப்பவருக்கு அடுத்த மேசையின் வேலை தெரிவதில்லை.

முதலில் பணம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய். இந்தத் தொகை தானாக வந்து விழுவதில்லை. மாணவர் அந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று கல்வி நிறுவனம் இணையதளத்தில் மாதாமாதம் உறுதிசெய்ய வேண்டும். 'மேக்கர்' எனப்படும் அலுவலர் பதிவேற்ற, 'செக்கர்' எனப்படும் மேலலுவலர் ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் மாறுதலாகிப் போனாலோ, நீண்ட விடுப்பு எடுத்தாலோ, பயனர் கணக்கைப் புதியவர் பெயருக்கு மாற்றும்வரை எல்லாம் நின்றுவிடும். மாணவரோ டில்லியில்தான் தாமதம் என்று எண்ணிக் காத்திருப்பார். கோப்பு நூறு அடி தள்ளி மாடியில் கிடக்கும். ஆகவே வருகைச் சான்றில் நெறியாளரிடம் கையெழுத்து வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மேக்கர் ஏற்றினாரா, செக்கர் ஒப்புதல் தந்தாரா என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முடிவில் எஸ்.ஆர்.எஃப்.பாக உயர்த்துவதும் தானாக நடக்காது. நெறியாளர், துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு வல்லுநர் என மூவர் குழு ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வெளிவல்லுநருக்குத் தேதி ஒத்துவராமல் இந்தக் கூட்டம் தள்ளிப்போவதே வழக்கம். இரண்டு ஆண்டு நிறைய மூன்று மாதம் இருக்கும்போதே தேதி வாங்கிவிடுவது நல்லது. வீட்டு வாடகைப்படியிலும் ஒரு கண்ணி உண்டு: விடுதியில் இடம் கொடுத்தும் வேண்டாம் என்றவருக்கு வாடகைப்படி கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வுச் செலவுக்கென்று தனியே தரும் கன்டிஞ்சென்சி தொகையை முழுதாகச் செலவழிக்காமல் விட்டுவிடுபவர்கள் அதிகம். கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000 ரூபாய், பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. களப்பணிப் பயணம், புத்தகம், தட்டச்சு, நகலெடுப்பு எல்லாம் இதில் அடங்கும். பில் மாணவர் பெயரில் இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய ஜெராக்ஸ் கடைக் கணக்கைத் தணிக்கையில் அடித்துவிடுவார்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காத ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. இத்தகைய அரசு உதவிகளில் அடிக்கடி கேட்கும் புகார், 'ஆதாரை இணைத்துவிட்டேன், பணம் வரவில்லை' என்பது. வங்கியில் அடையாளச் சரிபார்ப்புக்காக (கே.ஒய்.சி.) ஆதார் கொடுப்பது வேறு. நேரடிப் பணமாற்றத்துக்காக தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பட்டியலில் கணக்கை ஆதாரோடு பிணைக்கும் 'சீடிங்' வேறு. கடைசியாக எந்த வங்கியில் சீடிங் ஆனதோ அங்கேதான் பணம் போகும். மறந்துபோன பழைய கணக்கில் தொகை உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆதார் இணையதளத்தில் 'வங்கி சீடிங் நிலை' பகுதியைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

தமிழ்த்துறை ஆய்வாளர்களுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் அது வராததால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆய்வேட்டைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். கணினியின் உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். கருத்துத்திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் படிப்பது அந்த ஆங்கிலக் குப்பையை. ஒப்புமை பூஜ்யம் என்று வந்துவிடும், மாணவரும் மகிழ்ந்துபோவார். பிறகு யாராவது யூனிகோடில் கேட்கும்போது முந்நூறு பக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றியின் வழியே போட்டால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். அடிக்குறிப்பு எண்கள் குழம்பும். மாற்றாமலே, இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏற்றினாலோ, அந்த ஆய்வேட்டின் உள்ளே எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. முதல் இயலிலிருந்தே யூனிகோடில் அடிப்பதுதான் வழி. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது.

யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை குற்றமில்லை. அதற்குமேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய குறிப்போடு காட்டும் மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் தொல்காப்பிய நூற்பாவையும் குறுந்தொகைப் பாடலையும் மேற்கோள்குறி இடாமல் உள்தள்ளி மட்டும் வைத்தால், மென்பொருளுக்கு அது மேற்கோள் என்று எப்படித் தெரியும்? குறி இடுங்கள், சோதனை செய்பவரிடம் மேற்கோள்களை விலக்கும் வசதியை இயக்கச் சொல்லுங்கள். பாட்டுக்குப் பாட்டு உரை எழுதும் ஆய்வேட்டில் இந்த ஒன்றே 10ஐத் தாண்டவும் வைக்கும், தாண்டாமல் காக்கவும் செய்யும்.

நூலகங்களைப் பொறுத்தவரை சென்னை மாணவர் கொடுத்துவைத்தவர். 1896இல் திறந்த கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரில் ஆவணக் காப்பகம். காப்பகத்துக்கு நெறியாளரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு, எந்தத் துறையின் எந்த ஆண்டுக் கோப்பு என்று முன்பே குறித்துக்கொண்டு போக வேண்டும். 'பழைய கோப்பு ஏதாவது' என்று நின்றால் பொழுதுதான் போகும். ஆய்விதழ்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்கள் உள்ளன. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே என்பதால் அரசு உதவிபெறும் கல்லூரி ஆய்வு மையங்களில் இருப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள். இது குறைதான், மறுப்பதற்கில்லை.

அடுத்து காலக்கெடு. 2022ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள்வரை உண்டு. இது சலுகை என்று நினைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். விதியில் உள்ள உரிமை இது. கவனிக்க வேண்டியது, ஜே.ஆர்.எஃப். ஐந்து ஆண்டோடு நின்றுவிடும் என்பதே. ஆறாம் ஆண்டு கையில் காசில்லாத ஆண்டு. ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸைத் தரும் தேதியை அதற்கு முன்னால் வைத்துத்தான் பின்னோக்கித் திட்டமிட வேண்டும். ஓய்வுபெற மூன்று ஆண்டுகூட இல்லாத பேராசிரியர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. சேரும் முன் அவருடைய ஓய்வுத் தேதியைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

முறையீடுகள் பெரும்பாலும் வாய்வழியே போய், வாய்வழியே மறைகின்றன. 2023 விதிப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு சரியில்லை என்றால் கிடைத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள். உதவித்தொகை நிறுத்தம், அசல் சான்றிதழைத் திருப்பித் தராமை எல்லாம் இதில் வரும். மனு ஒரு பக்கம் போதும்: பதிவு எண், எந்த மாதத் தொகை, யாரிடம் எந்தத் தேதியில் கேட்டது, என்ன தீர்வு வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் வரிசை எண்ணும் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் 15 நாளை எங்கிருந்து எண்ணுவது?

மனம் சோர்ந்தவர்களுக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 104ஐயும் அழைக்கலாம். வளாகத்துக்கு வெளியே உள்ளவர்கள் என்பதே சிலருக்குப் பேசத் துணிவு தரும்.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. ஒவ்வொரு துறை அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒரே ஒரு தாள்: இந்த மாத மேக்கர், செக்கர் யார், அவர்களின் அறை எண், உறுதிசெய்ய வேண்டிய கடைசி நாள், குறைதீர்ப்புக் குழுவின் மின்னஞ்சல். அலுவலர் மாறும்போது அன்றே தாளும் மாற வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 5.