பட்டாவில் பிழை: திருத்த வேண்டியவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது (யு.டி.ஆர்.) நேர்ந்த பிழைகள், தருமபுரி மாவட்டக் கிராமங்களில் இன்னமும் பட்டாவை விட்டு அகலவில்லை. தந்தை பெயர் தவறு, சர்வே எண் மாற்றம், உட்பிரிவு விடுபடுதல் என்று காகிதத்தில் இருந்தவை அப்படியே கணினியில் ஏறிவிட்டன. இதனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தடைபடுகிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையும் நின்றுபோகிறது.

எங்கள் குடும்ப நிலத்தின் பழைய 'அ' பதிவேட்டு (சர்வே எண் வாரியாக நில உடைமையாளர், பரப்பு ஆகியவற்றைக் குறிக்கும் கிராமப் பதிவேடு) நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டேன். "கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எங்கே தேடினார்கள், யார் பொறுப்பில் இருந்தது என்ற விவரமே இல்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 30 நாள்களுக்குள் தகவல் தரச் சொல்கிறது. தகவல் மறுக்க அது அனுமதிக்கும் காரணங்களில் கோப்பு காணாமல் போவது இடம்பெறவில்லை. முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரியிடம். அடுத்தது சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். மானாவாரியில் கேழ்வரகு விதைப்பவர் இத்தனை படி ஏற முடியுமா?

பழைய ஆவணத்தை ஒப்பிட்டாலே தெரியும் எழுத்துப் பிழைகளை, மனுவும் பிரமாணப் பத்திரமும் கேட்காமல் வருவாய்த் துறையே திருத்த வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்திக்கு (கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கை) முன்பாக, கிராம நிர்வாக அலுவலர் ஊரைக் கூட்டிப் பட்டா விவரங்களை வாசித்துக் காட்ட மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டுகிறேன். தொலைந்த கோப்புகளுக்குப் பொறுப்பானவர் யார் என்பதையும் எழுத்தில் தர வேண்டும்.

– ஒரு விவசாயி, தருமபுரி மாவட்டம்